குட்டியின் எடை

அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் உங்கள் கால்பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் சேலையில் இடிக்கிறது. மூடி போட்டிருக்கிறீர்கள், தெரிகிறது. மூடி மீனைத்தான் மூடும், வாசனையை மூடாது. வேறு இடம் இருந்தால் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தக் கண்டக்டர், "ஆச்சி, இருக்கிற எடத்துல உக்காருங்க, வண்டி எடுக்கணும்" என்று பிடித்துத் தள்ளாத குறை. ஆச்சியாம். இவன் அம்மா என்னிடம் படித்தவளாக இருப்பாள்.

கூடையையே பார்த்துக்கொண்டு வருகிறீர்களே. கோழி இல்லை. ஒரு பழைய துண்டு, ஒரு நோட்டு, ஒரு எவர்சில்வர் கிண்ணம். அவ்வளவுதான். திரும்பி வரும்போது இதற்குள் ஒரு பூனைக்குட்டி இருக்கும். என் தம்பி மனைவி அதைத் திருடிக்கொண்டு உவரிக்குப் போய்விட்டாள். மீட்டுக்கொண்டு வரப் போகிறேன். கேட்டு வாங்கப் போகவில்லை. எடுத்து வரப் போகிறேன். எங்கள் வளவில், ஒரே முற்றத்தில் இருக்கிற மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் எங்கே எங்கே என்று கேட்டார்கள். உவரி சிவன் கோயிலுக்கு என்றேன். அது பொய்யில்லை. நேரம் இருந்தால் போவேன்.

நீங்களும் உவரிக்குத்தானா? அப்படியானால் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பெண் என்ன செய்தாள் என்று ஊரில் யாராவது ஒருவருக்காவது தெரியட்டும்.

ஐப்பசி மழையில்தான் அது வந்தது. வீட்டுக்குப் பின்னால் மோட்டார் அறை. அங்கே கிடந்த ஈரச் சாக்குக்குள்ளிருந்து நூல் அறுந்தாற்போல ஒரு சத்தம். விட்டு விட்டு வந்தது. சிவகாமிதான் போய்ப் பார்த்தாள். சிவகாமி என்றால் என் தம்பி மனைவி. தாய் வரும் என்று பகல் முழுக்கத் தொடாமல் தள்ளி நின்று காத்திருந்தோம். வரவில்லை. சாயங்காலம் முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். கண் திறந்திருந்தது, நீலமாக. சமையலறைத் தராசில் வைத்தேன். முந்நூற்று நாற்பது கிராம்.

எனக்குப் பூனை பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு உயிர் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதை முறைப்படி வளர்க்க வேண்டும். நான் முப்பத்தோரு வருடம் பெண்கள் பள்ளியில் மனையியல் டீச்சர். சரிவிகித உணவு, குழந்தை வளர்ப்பு, இல்லப் பாதுகாப்பு. மாவட்டத்தில் பாதிப் பெண்கள் என் சார்ட்டைப் பார்த்துத்தான் பிள்ளை வளர்த்தார்கள். உலகநாயகி டீச்சர் என்றால் பாளையங்கோட்டையில் தெரியும்.

அன்றைக்கே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஜன்னலுக்கெல்லாம் வலை. ஊசி நூல் பெட்டி பீரோவுக்குள் போயிற்று. நூலை விழுங்கினால் குடல் சுருண்டுவிடும். பூக் கட்டுகிற நாரும் அப்படித்தான். பாச்சை உருண்டை, எலி மருந்து, பினாயில் எல்லாம் பரணுக்குப் போயின. துணி துவைக்கிற மெஷினைப் போடும் முன்னால் உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் சுவிட்சைத் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டினேன். ஒரு அட்டைப்பெட்டி, அதில் நைந்த சேலை, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில். மணல் தட்டு தனியாக. ஒரு நோட்டுப் போட்டேன். காலை எடை, எத்தனை வேளை சாப்பிட்டது, வெளிக்குப் போனது இளக்கமா கட்டியா. எல்லாம் எழுதினேன்.

சிவகாமி இதையெல்லாம் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "மதினி, இது குட்டி. இதுக்கு எதுக்கு ஜெயிலு?"

அவளுக்கு அப்படித்தான் பேச வரும். அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டாள், சிப்பி என்று. நான் குட்டி என்றுதான் கூப்பிட்டேன். பெயர் வைத்தால் அப்புறம் அது நம்மைவிட்டுப் போகாது.

முதலில் பசும்பாலில் தண்ணீர் கலந்து இங்க் பில்லரில் கொடுத்தேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்தினேன். பிறகு பருப்புத் தண்ணீர், நெய் விட்டுப் பிசைந்த சாதம், தயிர்சாதம். எங்கள் வீடு சைவம். எந்த உயிராக இருந்தாலும் அந்த வாசலுக்குள் வந்தால் சைவம்தான். நானூற்றுப் பத்து ஆயிற்று. நானூற்று எழுபது ஆயிற்று. ஐந்நூற்று இருபது! சாதாரணமா? வளவில் எல்லோரையும் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். பருப்பும் தயிரும் கொடுத்துப் பூனையைக்கூட வளர்க்கலாம், பாருங்கள் என்று. சிவகாமி அடுப்படியில் நின்றுகொண்டு ஒன்றும் பேசவில்லை. நான் அதை மரியாதை என்று நினைத்தேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி, குத்தாலம் என்று பெயர், தூத்துக்குடியில் வேலை பார்த்தபோது அவளைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். முப்பத்தெட்டு வருடம் ஆகிறது.  அப்பா இரண்டே இரண்டு நிபந்தனை சொன்னார். பேரை மாற்ற வேண்டும். மீனை வீட்டிலும் தொடக்கூடாது, வெளியிலும் தொடக்கூடாது. சரி என்றாள். யாரும் கழுத்தைப் பிடித்துக் கேட்கவில்லை. புதுப் பெயர் நான்தான் தேர்ந்தெடுத்தேன். வந்த புதிதில் கன்னமும் கையும் சதைப்பிடிப்பாக இருப்பாள். எங்கள் சாப்பாட்டில் உடம்பு அளவுக்கு வந்தது. சோறு போடும்போது மட்டும் கொஞ்சம் போதும் கொஞ்சம் போதும் என்பாள். பசி இல்லாத உடம்பு போலிருக்கிறது. பிள்ளை இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் தம்பி போய்ச் சேர்ந்தான். அப்புறம் அந்த வீட்டில் நானும் அவளும்தான். ஒருநாள்கூட ஊருக்குப் போகிறேன் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேன்.

கார்த்திகை முதல் வெள்ளி. கோயிலுக்குப் போனவள் நடை சாத்தியிருந்ததால் சீக்கிரம் திரும்பிவிட்டேன். முன் அறையில் குட்டி இல்லை. பின்கதவு திறந்து கிடக்கிறது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குட்டி. கையில் என் அம்மா பெயர் வெட்டிய கிண்ணம். இதோ, இந்தக் கிண்ணம்தான். ஆ. சண்முகவடிவு என்று வெட்டியிருக்கிறது பாருங்கள். அம்மா ஏகாதசிக்கு அவல் நனைக்கிற கிண்ணம். அதில் நெத்திலி. வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள்ளை இரண்டு விரலால் உருவி உருவி, குட்டிக்கு ஒரு வாய்.

"என்ன செய்யுத நீ?"

"சாப்பிடுது மதினி."

"யாரு சாப்பிடுது?"

வாயில் அடக்கியிருந்ததை முழுங்கினாள். முழுங்கிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொல்கிறாள்: "ரெண்டு பேரும்."

முப்பத்தெட்டு வருடம்! அப்பா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே விழுந்திருப்பார். எத்தனை நாளாக என்று கேட்டேன். குட்டி வந்த பத்தாம் நாளிலிருந்தாம். நான் நோட்டில் பருப்புத் தண்ணீர், தயிர்சாதம் என்று எழுதிக்கொண்டிருக்க, இவள் தெருமுனையில் மீன்காரனிடம் வாங்கி வாங்கி ஊட்டியிருக்கிறாள். என் நோட்டை நம்பிக்கொண்டு வளவில் அத்தனை பேரைக் கூப்பிட்டுக் காட்டினேனே. அந்த அவமானத்தை நினைத்துப் பாருங்கள்.

"பூனை என்ன சைவமா மதினி?" என்றாள்.

"இந்த வீட்டுல எல்லாரும் சைவம். உனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி அதுக்கும் சொல்லிக் கொடுப்பேன்."

"எனக்கு வேணும்னு நான் என்னைக்காவது கேட்டனா? இன்னைக்கும் எனக்குக் கேக்கல. அதுக்குக் கேக்கேன்."

"குளிச்சிட்டு உள்ள வா" என்றேன்.  மழை தூறிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சேலையோடு நடுங்கிக்கொண்டு வந்து நின்றாள். குட்டி அவள் கால் விரலை நக்கிக்கொண்டிருந்தது. இந்தக் கிண்ணத்தைப் புளி போட்டு நாலு தடவை தேய்த்தேன். அப்புறமும் மனசு கேட்கவில்லை, மோட்டார் அறையில் வைத்துவிட்டேன். சாயங்காலமே பின்கதவுக்குப் பெரிய பூட்டு. சாவி என் இடுப்பில். பாதுகாப்பு என்றால் பாதுகாப்புதான்.

அதற்குப் பிறகு குட்டி என்னோடு சண்டை போட ஆரம்பித்தது. ஆமாம், சண்டை என்றுதான் சொல்வேன். தயிர்சாதத்தை வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு, மணலைத் தள்ளுவது போல முன்னங்காலால் தரையைச் சுரண்டிச் சுரண்டி அதை மூடப் பார்க்கும். வெளிக்குப் போனதை மூடுமே, அதே மாதிரி. என் சமையலை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மீல்மேக்கரை வேகவைத்து அரைத்து வைத்தேன். அதையும் மூடியது. பன்னீரை இரண்டு நாள் தின்றது, மூன்றாம் நாள் கக்கியது. ஐந்நூறு. நானூற்று அறுபத்தைந்து. முடி கொட்டியது. பூட்டிய கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கத்தாது. வாயை மட்டும் திறக்கும், சத்தம் வராது. சிவகாமியும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். இரண்டும் என்னமோ நான் கொடுமைக்காரி மாதிரி.

நானே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் கடமையில் குறை சொல்ல முடியாது. டாக்டர் சின்னப் பெண். கண்ணை விரித்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், என்ன சாப்பாடு என்று கேட்டாள். சொன்னேன்.

"அம்மா, தயிர்சாதத்துல பூனை பொழைக்காது. மீனோ கறியோ குடுத்தே ஆகணும். இல்லன்னா இப்ப எடை போகும், அப்புறம் கண்ணு போகும், இதயம் போகும்."

"துவரம்பருப்பில் நூற்றுக்கு இருபத்திரண்டு கிராம் புரதம்" என்றேன். "நான் முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்."

"அது மனுஷங்களுக்கான பாடம் மேடம். பூனை அந்தப் பாடம் படிக்கல."

சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சுற்றி நாய்க்காரர்கள், ஆட்டுக்காரர்கள். சீட்டில் முதல் வரி, சத்துச் சொட்டு மருந்து. இரண்டாம் வரி, கொட்டை எழுத்தில்: வேகவைத்த மீன் அல்லது கோழி ஈரல், உப்பில்லாமல், முள்ளில்லாமல். நான் முதல் வரியை வாங்கினேன். சீட்டை நோட்டுக்குள் வைத்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாங்க மதினி?" என்று வாசலிலேயே கேட்டாள்.

"சொட்டு மருந்து" என்றேன்.

பொய்யா அது? சொட்டு மருந்தும் சொன்னாள்தானே. என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் மீன் விற்கிறவர்கள், உங்களுக்குச் சுலபம்.

மறு வாரம் ஓய்வூதியர் நேர்காணல். வருடத்துக்கு ஒரு தடவை கருவூலத்துக்குப் போய், உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வர வேண்டும். வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, உயிரோடு இருப்பதை நிரூபித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டில் யாரும் இல்லை.

சாப்பாட்டு மேசையில் நோட்டு விரித்தபடி கிடந்தது. அன்றைய தேதிக்கு நேராக அவள் குண்டு எழுத்தில் 405. டாக்டர் சீட்டு நோட்டுக்குள் இல்லை. பக்கத்தில் எடுத்து வைத்து, பறக்காமலிருக்க உப்பு ஜாடியை மேலே வைத்திருந்தாள். இரண்டாம் வரி தெரிகிற மாதிரி. வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. முன்வாசல் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்திருந்தாள். முப்பத்தெட்டு வருடத்துக்கு ஒரு பை. ஒரு பையைத்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தாள், அந்த அட்டைப்பெட்டியோடு.

போலீசுக்குப் போயிருப்பேன். பூனைக்குட்டிக்கு எழுதுவார்களோ என்னவோ என்று போகவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குப் போன். சர்ச்சில் பூசை முடிந்து வந்திருப்பாள். நான் எடுத்தேன், ஹலோ சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. "மதினி, நானூத்தி நாப்பது" என்றாள். வைத்துவிட்டாள். அவ்வளவு திமிர். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எடை என்றால் எழுதத்தான் வேண்டும். விட்டுப்போனால் அப்புறம் அது என்ன நோட்டு? அடுத்த ஞாயிறு, "ஐந்நூத்திப் பத்து." அதற்கடுத்த ஞாயிறு, "ஐந்நூத்தித் தொண்ணூறு மதினி, பல்லு நல்லா வந்துட்டு." பல் என்கிற ஒரு வார்த்தை அதிகம். அதற்கு நான் "ம்" என்றேன். அதோடு சரி.

போன ஞாயிறு மணி அடிக்கவில்லை.

எட்டரையிலிருந்து போன் இருக்கிற அலமாரியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். காத்திருக்கவில்லை, அலமாரியில் தூசி. பத்தாயிற்று. பால் பொங்கி அடுப்பு அணைந்து, வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டாயிற்று. போன் வேலை செய்கிறதா என்று அடுத்த வீட்டுப் பெண்ணைவிட்டு அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். அடித்தது. திங்கள், செவ்வாய். நானே கூப்பிட்டிருக்கலாம் என்கிறீர்களா? நான் ஏன் கூப்பிட வேண்டும்? தப்புச் செய்தது யார்? அதோடு, கூப்பிட்டு, எடுத்து, அவள் ஒரு எண்ணைச் சொல்லாமல் வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? அந்தக் கட்டம் நோட்டில் காலியாக இருக்கிறது. எனக்குக் காலிக் கட்டம் பிடிக்காது. அதனால்தான் இன்றைக்குக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மீட்கத்தான் போகிறேன். சண்டைக்குத்தான் போகிறேன்.

திசையன்விளை தாண்டிவிட்டதா? சரி, நீங்கள் ஊர்க்காரர், வழி சொல்லுங்கள். எனக்கு வீடு தெரியாது. போனதில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டிலிருந்து யாரும் போனதில்லை. சிவகாமி வீடு எங்கே இருக்கிறது?

இல்லையா? நன்றாக நினைத்துப் பாருங்கள். அறுபது வயது, மெலிந்த உடம்பு, இடது புருவத்தில் தழும்பு. சிவகாமி. எப்படி அந்தப் பெயரில் ஆளே இல்லாமல் போகும்? நான் வைத்த... ஆமாம். நான் வைத்த பெயர்.

பொறுங்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. கல்யாணப் பதிவுக் காகிதத்தில் பார்த்திருக்கிறேன். அப்பா அதை உரக்கப் படிக்கக்கூடாது என்றார். பி என்று தொடங்கும். பிலோமினா. கஸ்பார் மகள் பிலோமினா.

தெரியுமா? இதைச் சொன்ன உடனே தெரிகிறதா?

என்ன சிரிக்கிறீர்கள்? பூனைக்குட்டியை அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு கடற்கரை ஏலத்துக்கு வருகிறவளா? எந்தத் தராசு சும்மா இருக்கிறதோ அதில் குட்டியை வைத்து நிறுத்துக் கேட்பாளா? உங்கள் தராசிலும் வைத்தாளா! மீன் எடுத்த ஈரத்தோடு? துடைத்தீர்களா? சரி. சரி.

போன ஞாயிறு ஏன் போன் இல்லை, அதைச் சொல்லுங்கள் முதலில்.

புயல் எச்சரிக்கை. வள்ளம் கடலில் இறங்கவில்லை. ஏலம் இல்லை. தராசு இல்லை. அவ்வளவுதானா? தராசு இல்லையென்று போன் இல்லையா? "எடையில்லாம மதினிக்கு எப்படிப் போன் போடுறது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளா? பைத்தியக்காரி. எடை இல்லாவிட்டால் பேசக்கூடாது என்று யார் சொன்னது? நானா சொன்னேன்?

இன்றைக்குக் காலையில் ஏலம் இருந்ததா? நிறுத்தாளா? எவ்வளவு? இருங்கள் இருங்கள், பேனாவை எடுக்கிறேன். பஸ் ஆடுகிறது. சொல்லுங்கள். அறுநூற்று எண்பது. பெட்டி எடையைக் கழித்துத்தானே சொல்கிறீர்கள், அட்டைப்பெட்டியோடு இல்லையே? அறுநூற்று எண்பது. சரியான வளர்த்தி.

ஆளும் நன்றாகச் சதை போட்டிருக்கிறாளா? நான் குட்டியை அல்லவா கேட்டேன்.

ஒன்றுமில்லை, ஜன்னல் வழியாக மண் கண்ணில் அடிக்கிறது.

உங்கள் பெயர் என்ன? அமலோற்பவம். தினமும் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குத்தானே வருகிறீர்கள்? எங்கள் வளவு மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். செவ்வாயும் வெள்ளியும்... வெள்ளி வேண்டாம். செவ்வாயும் வியாழனும் வாருங்கள். பின்பக்கமாக வாருங்கள். பூட்டு இருக்காது. யாராவது யார் வீட்டுக்கு என்று கேட்டால் பிலோமினா வீட்டுக்கு என்று சொல்லுங்கள். வளவில் விழிப்பார்கள். விழிக்கட்டும்.

அவள் வர மாட்டேன் என்றாலா? அதெல்லாம் வருவாள். வராவிட்டால் கூடையில் குட்டியை வைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு நடப்பேன், பின்னாலேயே வர வேண்டியதுதான். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன், அது போதும்.

நெத்திலி கால் கிலோ போடுங்கள், ஒவ்வொரு தடவைக்கும். பூனைக்குத்தான்.

அதிகமா? ஒரு குட்டிக்கு நாலு மீன் போதுமென்று எனக்குச் சொல்லித் தருகிறீர்களா? முப்பத்தோரு வருடம் சரிவிகித உணவு நடத்தியவள் நான். குட்டிக்கு எவ்வளவு என்றும் தெரியும், வளர்ந்த ஆளுக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு என்றும் தெரியும். நான் சொன்னதை நிறுத்துப் போடுங்கள், போதும். கால் கிலோ.